இடுப்பளவில் ஒரு அடுப்பு

புற்றுமண்ணும் உமியும் சரிக்குச் சரி போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைந்துகொண்டிருக்கிறேன். இந்த மண் ஒரே மூச்சில் பதத்துக்கு வராது. கொஞ்சம் பிசைந்து, கொஞ்சம் ஊற விட்டு, திரும்பவும் பிசைய வேண்டும். ஊறுகிற நேரத்தில் கையைக் கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கடுதாசியில் மண் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப் பிழையையும் அதோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுப்புப் போடுகிற தொழிலில் கைக்கு முதல் இடுப்புத்தான் தேயும். குனிந்து பிசைய வேண்டும், குந்தியிருந்து மெழுக வேண்டும், வீட்டுக்கு வந்தால் நம்முடைய அடுப்புக்கு முன்னால் மறுபடியும் குந்த வேண்டும். என் வீட்டுக்காரர் மேசன். ஆட்களுடைய குசினியில் சீமெந்தால் மேடை கட்டுவது இவருடைய வேலை. அந்த மேடைமேல் சூடு தாங்குகிற மண் அடுப்பைப் போட்டு, மெழுகி, காய வைத்துக் கொடுப்பது என்னுடைய வேலை. முந்தி எல்லாருக்கும் அடுப்பு நிலத்தில். இப்போது எல்லாருக்கும் நின்று சமைக்க வேண்டும்.

போன கிழமை கடையில் பருப்புச் சுற்றித் தந்த தாளில் "புது மோஸ்தர் சமையலறை" என்று ஒரு பக்கம் இருந்தது. வெள்ளை அடுப்பு, வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண். அவள் அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரிந்த புது மோஸ்தர்களையும் அந்தப் பத்திரிகைக்கே எழுதி அனுப்பினால் என்ன என்று அப்போதுதான் நினைத்தேன். ஆட்களுக்கு முன்னால் பேச எனக்கு வெட்கம். எழுத அவ்வளவு வெட்கம் இல்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் நடந்த காலத்தில் எங்கள் சொந்த வீட்டில் அடுப்பு நிலத்தில்தான் இருந்தது. மகள் குப்புறப் புரளத் தொடங்கியிருந்தாள். புரளுகிற பிள்ளை அடுத்தது தவழும். தவழுகிற பிள்ளை நேரே எங்கே போகும் என்று பெற்ற உங்களுக்குத் தெரியும். அவள் தவழ முதல் எங்களுக்கும் ஒரு மேடை கட்ட வேண்டும் என்று இவரிடம் ஆடி மாதத்திலேயே கேட்டுவிட்டேன். "கட்டுவம்" என்றார்.

ஐயாவின் அளவு

புளியந்தீவில் ஒரு வீடு. ஐயா கந்தோரில் கிளாக்கர், அவருடைய மனைவி ரீச்சர். ஆங்கிலப் புத்தகத்தில் இருந்து கிழித்த ஒரு படத்தைக் காட்டி, இதேபோல வேண்டும் என்றார் ஐயா. "எவ்வளவு உசரம் ஐயா?" என்று இவர் கேட்டார். ஐயா நிமிர்ந்து நின்று தன்னுடைய இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். இவர் அளந்து சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டார். ஐயா நல்ல உயரம். ரீச்சர் அவருடைய தோளுக்கும் எட்டமாட்டா. நான் மண் கடகத்தோடு கதவோரம் நின்று கோட்டையும் ரீச்சரையும் மாறி மாறிப் பார்த்தேன். கிணற்றடிக்கு வந்தபிறகு இவரிடம் மெல்லச் சொன்னேன். "வீட்டுக்காரர் சொல்லுற அளவு. நமக்கென்னகா" என்றுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, அடுப்பு வெடிக்காமல் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ரீச்சர் ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று சொதி கிண்டிக்கொண்டிருந்தா. இறங்கி உப்பு எடுத்தா, ஏறிப் போட்டா. இறங்கி அகப்பை எடுத்தா, ஏறிக் கிண்டினா. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, சேலை பெட்டியின் ஆணியில் கொளுவி இழுக்கிறது. எனக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "கோடு போடக்குள்ளயே கண்டனான் ரீச்சர். சொல்லப் பயமா இரிந்திச்சு" என்றேன். ரீச்சர் பெட்டிமேல் நின்றபடியே என்னைப் பார்த்தா. கோபம் இல்லை, களைப்புத்தான்.

"அளவில பிழையில்ல புள்ள. அந்த அளவுக்குரிய ஆள் வந்து ஆக்கினாச் சரி."

பூச்சாடி வைத்த அடுப்பு

கல்லடியில் ஒரு அக்கா தன்னுடைய மகளுக்குச் சீதன வீடு கட்டினா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்து குடியிருப்பார். ஆனபடியால் வாற ஆட்கள் முதலில் பார்ப்பது வீட்டை, அதிலும் இப்போது குசினியை. நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து போட்டு, முகம் தெரிய மினுக்க வேண்டும் என்றா. இரண்டு நாள் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் குனிந்து பார்த்தேன், முகம் தெரிந்தது. அந்த முகம் தெரியாமலே இருந்திருக்கலாம். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு, தட்டுக்குப் பூவாக வெட்டின கடுதாசி, கொளுக்கியில் வரிசையாகக் கோப்பைகள். நடுவில் என் அடுப்பு.

கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் திரும்பவும் ஆள் அனுப்பினா. அடுப்பு வெடித்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அடுப்பில் ஒரு கீறல் இல்லை. கரியும் இல்லை. ஒரு நாள்கூட நெருப்பு வைக்காத அடுப்பு. அதன் வாயில் பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்று இருந்தது. அக்கா என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே கிடுகால் மேய்ந்த ஒரு கொட்டில், நிலத்தில் மூன்று கல்லு, தாயும் மகளும் புகைக்குள். "இதில ஒரு நல்ல அடுப்பாப் போட்டுத் தாகா, நிலத்திலயே" என்றா. உள்ளே சும்மா நிற்கிற அந்த மேடையைத் தூக்க ஏலுமென்றால், தலையில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன். அதில ஏன் அக்கா ஆக்கிறல்ல என்று கேட்டேன்.

"அது வாற ஆக்கள் பாக்கிற குசினி. இது நாங்க திங்கிற குசினி."

கச்சானும் வாடையும்

உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கிற ஒரு போடியார், வீட்டோடு ஒட்டின குசினியும் புகைபோக்கியும் கேட்டார். குசினியைத் தனியாக வளவுக்குள் வைக்காமல் வீட்டோடு ஒட்டிக் கட்டுவது அப்போது வந்த மோஸ்தர். நாங்கள் போனது ஆவணி மாதம், கச்சான் காற்று மேற்கில் இருந்து சூடாக அடிக்கிற காலம். இவர் ஒரு நாள் முழுக்க வேலை செய்யாமல் காற்றைப் பார்த்தார். எச்சில் தொட்ட விரலைத் தூக்கிப் பார்த்தார், வைக்கோல் பற்ற வைத்துப் பார்த்தார். கடைசியில் புகைபோக்கியின் வாயைக் கச்சானுக்கு முதுகு காட்டி வைத்துக் கட்டினார். புகை நூல் பிடித்த மாதிரி மேலே போனது. அயலட்டையெல்லாம் வந்து அண்ணாந்து பார்த்தது. வஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் அந்தப் புகையைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். நான் எங்கள் மேடையைப் பற்றிக் கேட்டேன். "இனிப் பாரன்" என்றார்.

மார்கழியில் போடியார் ஆள் அனுப்பினார். வருஷத்தில் பாதிக்குக் கச்சான், மற்றப் பாதிக்கு வாடை, அது எதிர்ப்பக்கத்தால் அடிக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? கச்சானில் நின்று கட்டினவருக்கு வாடை நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் வரவில்லை. வாடைக் காற்று நேரே புகைபோக்கியின் வாய்க்குள் இறங்கி, அடுப்புப் புகையை அள்ளிக்கொண்டு குசினியையும் தாண்டி வீட்டுக்குள் போகிறது. நான் மகளை இடுப்பை விட்டு இறக்கவில்லை. அவள் ஐப்பசியிலேயே தவழத் தொடங்கிவிட்டாள், கீழே விட்டால் எந்த வீட்டிலும் நெருப்பைத் தேடிக் கண்டுபிடிப்பாள். இவர் தலையைச் சொறிந்து, வாயை இடித்து மற்றப் பக்கம் திருப்பித் தருவதாகச் சொன்னார். அப்போது கச்சானில் என்ன செய்வது என்று போடியார் கேட்டார். போடியாருடைய பெண்சாதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தா.

"இடிக்க வேணாம் மேசனார். முந்தி குசினிக்குள்ள மட்டுந்தான் புகை. இப்ப வீடு முழுக்கப் போகுது, பேருக்குக் கடிக்க ஒரு நுளம்பு இல்ல."

மிஞ்சுகிற சீமெந்து

மச்சாள் பூமணி இவருக்கு ஒரே தங்கச்சி. வீடு முடியாமல் அவளைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். தகப்பன் இல்லை, ஆகையால் அந்த வீடு இவருடைய தலையில். சீமெந்து கிடைப்பது இந்த நாட்களில் பெரும்பாடு. சங்கக் கடையில் பேர் பதிந்துவிட்டுக் கிழமைக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த பையெல்லாம் பூமணியின் வீட்டுக்குப் போனது. அது நியாயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அவளுடைய குசினி மேடையில் அடுப்புப் போட்டதும் நான்தான். வஞ்சகம் இல்லாமல் போட்டேன்.

தை மாதம். சோற்றுக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி வடிக்கிற அந்த நேரம் மட்டும் அடுப்புக்கு முதுகு காட்டியிருப்பேன். திரும்பிப் பார்க்கும்போது மகள் வலது கையைத் தணலோரத்துச் சாம்பலுக்குள் வைத்துவிட்டாள். அவள் பெரிதாக அழவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இது யாருடைய கை என்று கேட்கிற மாதிரி. பிறகுதான் அழுதாள். இரண்டு கிழமை மருந்து கட்டினோம். அந்தக் கட்டோடும் தவழ்ந்து அடுப்படிக்குத்தான் வந்தாள். அவளுடைய துணி ஒன்றை அரையில் கட்டி, மற்ற முனையைக் கூரை தாங்குகிற கப்பில் முடிந்து வைத்துவிட்டுச் சமைத்தேன். ஆட்டுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி. அந்த முடிச்சைப் போடும்போதெல்லாம் என் கை கூசும்.

மாமி பார்க்க வந்தா. இவருடைய அம்மா, பொல்லாதவ இல்லை, ஆனால் வாய் நிற்காது. "பிள்ளையப் பாக்கத் தெரியாட்டி அடுப்பு எங்க இரிந்தாத்தான் என்ன?" என்றா. நான் பிள்ளையின் கட்டை அவிழ்த்து மருந்து மாற்றினேன். மாமி போனபிறகு இவர் என் பக்கத்தில் வந்து குந்தினார். மிஞ்சுகிற சீமெந்து என்று ஒன்று உலகத்தில் இல்லை என்பது மேசன்மாரைக் கட்டின எல்லாருக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"தங்கச்சிட குசினி முடியட்டும். மிஞ்சுற சீமெந்து முழுக்க நமக்குத்தான்."

ஏறாவூரில் கேட்ட கேள்வி

ஏறாவூரில் ஒரு ராத்தா, முஸ்லிம் அக்காமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். புடவைக் கடைக்காரருடைய மனைவி, எட்டு மாதக் கர்ப்பிணி. வயிற்றை வைத்துக்கொண்டு நிலத்து அடுப்பில் குந்த ஏலாது, பிள்ளை பிறக்க முதல் மேடை வேண்டும் என்றா. வேலையை ஒப்புக்கொண்டு பார்த்தால் சீமெந்து இல்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இவர் மூன்று தரம் சாட்டுச் சொன்னார். நாலாந்தரம் ராத்தாவே கேட்டா: "ஏன் மேசனார், மண்ணால கட்டினா என்ன?" இவர் சிரித்தார். சிறுபிள்ளை கேட்கிற கேள்விக்குச் சிரிக்கிற சிரிப்பு. "மண் மேடை நிக்குமா ராத்தா? ஒரு மாரிக்குத் தாங்காது, மழையில கரைஞ்சு போயிரும்."

ராத்தா இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மூச்சு வாங்கி, மேலே கூரையை ஒரு தரம் பார்த்தா. பிறகு இவரைப் பார்த்தா.

"மழை என்ட குசினிக்குள்ள வந்தா பெய்யப்போகுது?"

எங்கள் வீடு

அந்த மேடையைக் கட்டினது நான். மேசன் மண்ணில் வேலை செய்தால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று இவர் பூமணியின் வீட்டுக்குப் போய்விட்டார். நான் களியும் வைக்கோலும் குழைத்துக் கல் அறுத்து, வெயிலில் போட்டு, காய்ந்ததும் அடுக்கினேன். இரண்டு கிழமையில் ராத்தா நின்றுகொண்டு மீன் பொரித்தா. வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு ஒரு கோபம் வந்தது. இவர்மேல் இல்லை, என்மேல். எங்கள் வீட்டுச் சுவரே மண். என்னுடைய அம்மாவுக்கு நான் பிறந்த வருஷம் கட்டின சுவர். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு, சீமெந்து வந்தால் மேடை கட்டலாம் என்று எட்டு மாதம் இருந்திருக்கிறேன். நின்று சமைக்கிற அடுப்பென்றால் சீமெந்து என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் நம்பினார்கள், மண்ணிலேயே கிடக்கிற நானும் நம்பினேன். மகளுடைய உள்ளங்கையில் இன்னும் தோல் ரோசாவாக இருக்கிறது.

பங்குனியில் கட்டினேன். இவரிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. காலையில் இவர் போனதும் தொடங்குவேன், பின்னேரம் சாக்கால் மூடி வைப்பேன். சாக்குக்குக் கீழே என்ன என்று இவர் கேட்கவில்லை. மேசனுக்குத் தெரியாதா? முடிந்த அன்று ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து மேடைமேல் வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. "ஒரு நூல் சரிஞ்சிரிக்கு" என்றார். "ஓம்" என்றேன். விரலால் தட்டிப் பார்த்தார், முழங்கையால் ஊன்றிப் பார்த்தார். மட்டத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். அதன்பிறகு நான் அந்தக் கப்பில் முடிச்சுப் போடவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு இவர் வழமைபோல அடுப்படியில் சம்மணம் கட்டி இருந்தார். இவ்வளவு காலமும் நான் அடுப்புக்கு முன்னால் குந்தியிருப்பேன், இவர் எனக்கு நேரே இருந்து சாப்பிடுவார். மீன் நல்லா இல்லை, பூமணிக்குச் சீமெந்து வந்தது, கூலி ஆள் வரவில்லை என்று எங்கள் கதையெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான். அன்றைக்கு நான் மேலே நின்றேன். இவர் கீழே இருந்தார். நான் குனிந்து சோறு போட்டுவிட்டு நிமிர்ந்தேன். இவர் என்னவோ சொல்ல அண்ணாந்தார், கழுத்து வலித்ததாக்கும், திரும்பவும் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். மகள் என் காலைப் பிடித்துக்கொண்டு தகப்பனுடைய சோற்றுக்குக் கை நீட்டினாள். அவளுக்கு ஒரு பருக்கை ஊட்டிவிட்டுச் சொன்னார்.

"இவ்வளவு நாளும் உன்ட முகத்தப் பாத்துத் திண்டன். இனிக் கால்தானாக்கும்."

இப்போது

மேடை வந்து வேலை குறைந்ததா என்று கேட்டால், இல்லை. இடுப்பில் இருந்த வலி முதுகுக்கு ஏறியிருக்கிறது. அயலில் நாலு பேர் மண் மேடை கேட்டு வந்துவிட்டார்கள், இவரும் இப்போது எனக்குக் கல் அறுத்துத் தருகிறார், ஒரு நூல் சரிவு பிடிக்காமல் பின்னால் நின்று முணுமுணுப்பார். மகள் மேடையின் அடியைப் பிடித்து எழும்பி நிற்கப் பழகிவிட்டாள். நிற்கிறதோடு ஒரு கையை மேலே விட்டுத் துழாவுகிறாள். விளிம்புக்கும் அவள் விரலுக்கும் இடையில் இன்றைக்கு ஒன்றரைச் சாண் இருக்கிறது. போன கிழமை இரண்டு சாண் இருந்தது. சட்டியை உள்ளுக்குத் தள்ளி வைக்கிறேன், அகப்பைப் பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறேன், நாளுக்கு நாலு தரம் சாண் போட்டுப் பார்க்கிறேன்.

இத்தனை பேருடைய குசினிக்குள்ளும் போய் வந்ததில் எனக்கு விளங்கினது ஒன்றுதான், புது மோஸ்தரை நினைக்கிறவர் ஒருத்தர், கட்டுகிறவர் இன்னொருத்தர், வந்து பார்த்துப் புகழுகிறவர்கள் ஊர் முழுக்க, அதற்குள் நின்று வேகிறவளிடம் மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை, இதோ பூமணி கூப்பிடுகிறாள், பிள்ளை ஏணைத் தொட்டிலில் எழும்பி இருக்கிறாளாம், நான் போய்